காற்றடிக்கும் வேளையில் மருந்தடிப்பா?

மருந்தடிப்பு என்றால் பால்வெட்டுக்குப் போகாதவர்களுக்குக் கொடுக்கும் சில்லறை வேலை என்று எண்ணுவோர் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். காலைப் பிரட்டு முடிந்ததும் 16 லிட்டர் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு தீம்பாருக்குள் இறங்கும் நம் தாய்மாரைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு கைத்திறன் வேண்டிய வேலை என்று. கத்தி ஆழமாகப் போனால் மரத்தின் பட்டை கெடும். மருந்து திசை மாறிப் போனால் மனிதர் உடம்பு கெடும்.

முதிர்ந்த மரங்களின் நிழலில் காற்று அவ்வளவாகத் தெரிவதில்லை. மறுநடவுக் காட்டிலோ நிலைமை வேறு. மறைப்பு ஏதுமில்லாத வெட்டவெளி அது. காலையில் அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆனால் "இன்றைக்கு இத்தனை பம்பு" என்று போட்ட கணக்கு மட்டும் காற்றைப் பார்த்து இறங்குவதில்லை. கணக்கை முடிக்கக் காற்றிலேயே அடிக்கிறார்கள். நாம் கண்டிப்பது இதைத்தான்.

காற்று செய்யும் வேலையைச் சற்று விளக்குவோம். பம்பின் வாயிலிருந்து வரும் துளிகள் எல்லாம் ஒரே அளவல்ல. 10 அடி உயரத்திலிருந்து விழும் 100 மைக்ரான் துளி தரையைத் தொட 10 வினாடி ஆகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகமுள்ள இளங்காற்றிலேயே அது 40 அடிக்கு மேல் தள்ளிப் போய்விடும். 20 மைக்ரான் துளியோ 4 நிமிடம் மிதந்து 1,000 அடியையும் தாண்டும். கைப்பம்பின் வாய் அவ்வளவு உயரத்தில் இல்லை என்பது உண்மையே. இருப்பினும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடித்துளிதான் மூக்கில் ஏறுகிறது, பக்கத்து நிரையில் இருப்பவர் சட்டையில் படிகிறது, இளம் ஒட்டுக்கன்றின் இலையைக் கருக்குகிறது. மருந்தும் வீண், கன்றும் வீண். அப்புறம் கன்று கெட்டதற்கு அடித்தவர் மேல் பழி!

பம்பை வேகமாக அடித்து அழுத்தம் ஏற்றினால் துளி இன்னும் பொடியாகும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்து, பெருந்துளி விழும் நாசிலைப் போட்டு, வாயைப் புல்லுக்கு அருகே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். முகத்தில் இலேசாகக் காற்றுப் பட்டு, இலை மெல்லச் சலசலக்கும் நேரம் நல்ல நேரம். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடினால் பம்பை இறக்கி வைக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கவே கூடாது. களைக்கொல்லிக்கு 10க்குள் இருப்பதே உத்தமம். இலைகூட அசையாத, பனி மூடிய விடியற்காலையும் ஆபத்தானதே என்பதைப் பலர் அறியார். அப்போது பொடித்துளி கீழே இறங்காமல் மூட்டமாக நின்று, பிறகு எங்கோ நகர்ந்து போகும்.

நடக்கும் முறையும் முக்கியம். காற்று போய்ச் சேரும் ஓரத்தில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்கே நடந்து, நிரை முடிய முடியக் காற்று வரும் பக்கமாக ஏறி வர வேண்டும். அப்படி வந்தால் தூவல் அடித்து முடித்த இடத்தின் மேலேயே விழும். கூட்டமாகப் போகும்போது காற்றுப் போகும் பக்கத்து ஆள் முன்னே செல்ல, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சற்றுப் பின்தங்கி வர வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில் நடந்தால் கடைசி ஆள் எல்லோர் மருந்தையும் குடிப்பார். இதைக் கவனிக்கத்தானே மண்டோர் இருக்கிறார்?

ஆடு மாடுகளைச் சாகடித்த சோடியம் ஆர்சினைட்டை 1960களில் ஓரங்கட்டி வந்தது பாராகுவாட். அதற்கு 2002இல் தடை அறிவித்தார்கள்; 2006இல் தடையை நீக்கினார்கள்; 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் அது மலேசியாவில் முற்றாகத் தடை. அத்தனை காலம் அதைச் சுவாசித்தவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்றான கிளைபோசேட்டை, 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சேர்த்தது. அதை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. வழக்குத் தீரும்வரை நம் நுரையீரலைச் சோதனைக்கூடமாக்க நாம் இசைய முடியாது.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994லிருந்து இருக்கிறது. 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமிருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம்; அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் உயிருக்கோ உடலுக்கோ கடுங்கேடு நேரும் நிலையைத்தான் அது உடனடி ஆபத்து என்கிறது. காற்றில் வரும் மருந்து அதில் சேருமா என்று வாதாட நிருவாகத்துக்கு வழக்கறிஞர் கிடைப்பார். தீம்பாரில் நிற்கும் பெண்ணுக்கு யார் கிடைப்பார்?

ஆகையால் சட்டத்தோடு நில்லாமல் ஒப்பந்தத்திலேயே இது எழுதப்பட வேண்டும் என்கிறோம். காற்று மிகுந்தால் நிறுத்தும் உரிமை அடிப்பவருக்கே வேண்டும். நிறுத்திய நேரத்துக்குச் சம்பளம் குறையக் கூடாது. குறையுமானால் எவரும் நிறுத்தமாட்டார்கள், அடுப்பெரிய வேண்டுமே! மழையால் வேலை கெட்டால் அதைப் பேரம் பேசத் தெரிந்த நாம் காற்றைப் பேசாமல் விட்டது நம் தவறுந்தான், ஒப்புக்கொள்கிறோம். தமிழோ மலாயோ படிக்கத் தெரியாமல் நம்மோடு பம்பு சுமக்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இது சேர வேண்டும். டப்பாவில் ஒட்டியிருப்பதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வைக்கட்டும்.

கிராணிமார் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். செக்ரோலில் ஆள் பெயரும் பம்பு எண்ணிக்கையும் எழுதும்போது, எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள், காற்று எப்படி இருந்தது, எப்போது நிறுத்தினார்கள் என்பதையும் ஓரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். நாளை பேச்சுவார்த்தை மேசையில் "எங்கள் தோட்டத்தில் காற்றில் அடிப்பதே இல்லை" என்று எவராவது சொன்னால், அந்த ஏட்டை எடுத்து முன்னால் வைப்போம்.