புதுக் காரா, பழைய காரா? நாடி பிடித்துப் பாருங்கள்!

"டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுதுங்க. அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது. நெஞ்செரிச்சல் வேற..."

போன மாதம் நாகலூரிலிருந்து என்னிடம் வந்தவர் சொன்னது இது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சேலத்தில் தனியார் வேலை. ரத்த அழுத்தம் கூடியிருந்தது. நாடியில் பித்தம் துள்ளியது. "வீட்டில் ஏதாவது புதுசா கவலையா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிதான் சொன்னார்: "கார் வாங்கினதுல இருந்துதானுங்க டாக்டர் இப்படி!"

மாமனாருக்கு மூட்டுவலி. பஸ் படியேற முடியவில்லை. அவருக்காக ஒரு சின்ன கார் வாங்கலாம் என்று போனார்கள். கையில் இருந்தது இரண்டு லட்சம். ஷோரூமில் "மாசம் இன்னும் ரெண்டாயிரம் சேர்த்துக் கட்டினா பெரிய மாடலே வாங்கிடலாமே ஸார்" என்றார்களாம். ஏழு வருடக் கடனில் பெரிய, உயரமான கார் வீட்டுக்கு வந்தது. இப்போது என்ன நிலைமை தெரியுமா? அந்த உயரத்துக்குப் பெரியவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. பெட்ரோல் செலவுக்குப் பயந்து வண்டி வாசலிலேயே நிற்கிறது. தவணை கட்டுவதற்காகப் பெரியவரின் மருந்தையும் மாதம் ஒருமுறை வரவேண்டிய சிகிச்சையையும் குறைத்துவிட்டார்கள்!

தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் மருந்து கொடுத்தேன். ஆனால் அந்த மருந்து கடன் தவணையைக் குறைக்காதே!

'சித்த மருத்துவருக்குக் காரைப் பற்றி என்ன பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். இது காரைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. நடுத்தரக் குடும்பத்தில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு கார்தான். அதில் தப்புச் செய்தால் தூக்கம் போகும், சாப்பாடு சுருங்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

ஐந்து லட்ச ரூபாய் கடன், வட்டி ஒன்பதரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 8,170 ரூபாய். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் வட்டியாக மட்டும் சுமார் 1 லட்சத்து 86 ஆயிரம் போகும். அதையே மூன்று வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 16,000. வட்டி ஏறக்குறைய 77 ஆயிரம்தான். 'மாதம் பதினாறாயிரம் நம்மால் முடியாதே' என்கிறீர்களா? அப்படியானால் அந்தக் கார் உங்கள் விரலுக்கேற்ற வீக்கம் இல்லை. இன்னும் சின்னதாகப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: மூன்று வருடத்தில் அடைக்க முடியாத கடனில் கார் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போகிற குடும்பம் என்றால், வாடகைக் காரில் போய் வாருங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது.

எத்தனை வருடத்துப் பழையது?

சின்ன கார் என்பது நம் நாட்டில் நடுத்தர மக்களின் கனவாகவே வளர்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1998-ல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ வந்தது. 2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று நானோ சாலைக்கு வந்தது. மாருதி 800-ன் உற்பத்தி 2014-லும் நானோவின் உற்பத்தி 2018-லும் நின்றுபோயின. இவையெல்லாம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் நனைந்துகொண்டு போன குடும்பங்களைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்த வண்டிகள். அந்த நன்றி எனக்கும் உண்டு.

ஆனால் 2014 ஜனவரியில் ஒரு சோதனை முடிவு வெளியானது. இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களின் அடிப்படை மாடல்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது குளோபல் என்கேப் என்ற அமைப்பு. ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்! அதன் பிறகு சட்டம் மெல்ல மெல்லக் கடுமையானது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதே வருடம் ஜூலை முதல் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். 2021-ம் வருடக் கடைசியோடு பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது.

ஆகவே, பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வருடத்தை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: 2022. அந்த வருடத்திலோ அதற்குப் பிறகோ தயாரான கார் என்றால், எவ்வளவு மலிவான மாடலாக இருந்தாலும் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இருக்கும். ஆர்.சி.யில் பதிவான தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். தயாரான மாதமும் வருடமும் தனியாக இருக்கும். அதைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதனால் ஓரிரு வருடம் ஓடிய காருக்கும் புதிய சின்ன காருக்கும் விலை வித்தியாசம் சுருங்கிவிட்டது. இரண்டையும் விசாரித்து, வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எழுதுங்கள். வித்தியாசம் ஒரு லட்சத்துக்குள் என்றால் புதிது வாங்குங்கள். கம்பெனி உத்தரவாதம் இருக்கிறது. முன்னால் ஓட்டியவர் செய்த பாவம் ஒன்றும் நம் தலையில் விழாது. அதற்கு மேல் என்றால் பழையதே போதும். ஆனால் பழைய கார் வாங்குகிறவர்கள் டயர், பேட்டரி, பிரேக் வேலைக்கு என்று நாற்பது, ஐம்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கார் தேடவேண்டும்.

நான் பட்ட பாடு

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் ஏமாந்தவன்தான்! என்னுடைய முதல் கார் பழைய கார். "ஒரே ஒரு டாக்டர் மட்டும் ஓட்டின வண்டி ஸார்" என்றார் புரோக்கர். நானும் டாக்டர் அல்லவா, மயங்கிவிட்டேன். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. பிரேக் பெடலில் இருந்த ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடந்தது. முப்பதாயிரத்தில் அப்படித் தேயுமா? அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து சேலம் அடிவாரத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். மனைவியும் குழந்தையும் பின்சீட்டில். பாதி இறங்கியபோது பிரேக் பெடல் பொத்தென்று உள்ளே போய்விட்டது. பிரேக் ஆயில் கசிந்து தீர்ந்திருக்கிறது! இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். முதல் கியருக்கு மாற்றி, மலைப்பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். இறங்கி நின்றபோது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் காதில் கேட்கிறது.

எண்வகைத் தேர்வு

அன்றிலிருந்து பழைய காரை நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறேன். சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். சிரிக்காதீர்கள், காருக்கும் இது அப்படியே பொருந்தும்!

நாடி: காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஜாக்கிரதை! ஒரே சாவியில் கிளம்ப வேண்டும். துடிப்பு சீராக இருக்க வேண்டும்.

ஸ்பரிசம்: கதவு ஓரங்களையும் டிக்கி விளிம்பையும் விரலால் தடவுங்கள். கதவுகளையும் பானெட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயிண்ட் சுரண்டியிருந்தால் கழற்றி மாட்டியது என்று அர்த்தம். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். இரும்பு பாகத்தில் ஒட்டாத இடம் இருந்தால், உள்ளே பட்டி போட்டு டிங்கரிங் செய்திருக்கிறார்கள்.

நா: எஞ்சின் ஆயில் அளக்கும் குச்சிதான் காரின் நாக்கு. ஆயில் கறுத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது. நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நிறம்: புகையின் நிறம். நீலம் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் வீணாகிறது. மலைக்குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளையாக வருவது சகஜம்தான். எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கோளாறு.

மொழி: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். முன்சக்கரத்தில் 'டக்... டக்...' என்று சத்தம் கேட்டால் சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்ட்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. காருக்கும் மூட்டுவலி உண்டு!

விழி: வெளிவிளக்குகளோடு மீட்டருக்குள் இருக்கும் சின்ன விளக்குகளையும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கைப் பிடுங்கிவிட்டிருக்கலாம்.

மலமும் மூத்திரமும்: வண்டி நின்ற இடத்தில் குனிந்து பாருங்கள். ஏ.சி. ஓடினால் சுத்தமான தண்ணீர் சொட்டுவது இயல்பு. எண்ணெய்க்கறை இருந்தால் எங்கிருந்து என்று கேளுங்கள். சைலன்சர் ஓட்டைக்குள் விரல் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வருகின்றன. 2015-லும் 2023-லும் சென்னை மூழ்கியது நினைவிருக்கிறதல்லவா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு இருந்தால் வேண்டாம். கால் மிதியடிக்குக் கீழே முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறாரா என்று யோசியுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். ஐந்நூறோ ஆயிரமோ கூலி கொடுப்பதில் கருமித்தனம் கூடாது.

காகிதங்கள்

ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா, போலீஸ் அபராதம் நிற்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்திருந்தால் 35-ம் எண் படிவமும் வங்கியின் கடிதமும் வேண்டும். 'பேரு அப்புறம் மாத்திக்கலாம்' என்று விடாதீர்கள். கார் பெயர் மாறிய 14 நாளைக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உள்ளே உட்காருகிறவர்கள்

கடைசியாக, ஒரு மருத்துவராக நான் கேட்டுக்கொள்வது: கார் பார்க்கப் போகும்போது வீட்டுப் பெரியவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். காலைத் தூக்காமல், முதுகை வளைக்காமல் உட்கார முடிகிற உயரம்தான் சரியான உயரம். உட்கார்ந்த பிறகு முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கக்கூடாது. எல்லோரும் ஏறிய பிறகு ஏ.சி.யைப் போட்டு ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் உறுமல் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

எந்தக் கார் வாங்கினாலும், பின்சீட்டுக்காரர்களும் பெல்ட் போடவேண்டும். பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் காப்பு அல்ல, அடி! சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரவே கூடாது. முன்னால் இரும்பு கார்டு மாட்டாதீர்கள். ஏர்பேக் சரியான சமயத்தில் விரிவதைக் கெடுக்கும். கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யில் தூங்காதீர்கள். கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்குவதுதான் முறை.

அந்த நாகலூர்த் தம்பதி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. காரை விற்றால் கடன் பாக்கியைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். கையிலிருந்து போட்டு அடைக்க வேண்டும். வைத்துக்கொண்டால் இன்னும் ஆறு வருடம் தவணை. "விற்றுவிடுங்கள், முதலில் அப்பாவின் சிகிச்சையைத் தொடருங்கள்" என்றுதான் சொன்னேன். "ஊர்ல என்ன நினைப்பாங்களோ..." என்று இழுக்கிறார் அவர்.

ஊர் நினைப்பது இருக்கட்டும். நீங்கள் இன்னும் கார் வாங்கவில்லை அல்லவா? அப்படியானால் முதல் வேலையாக உங்கள் வீட்டுப் பெரியவரிடம் போய், எந்த உயரத்தில் உட்கார வசதி என்று கேளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.