இந்தக் கதவை யார் கட்டினார்கள்?

கற்கதவு ஒன்று. அதில் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு கற்கள். சரியான வரிசையில் அழுத்தினால்தான் திறக்கும். நான் ஆடிய ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இந்தக் கதவின் முன் ஐந்து பேர் இரண்டு மணி நேரம் முடங்கிக் கிடந்தோம். என் பாத்திரம் ஒரு கல்தச்சன். கீலைப் பெயர்க்கலாமா என்று கேட்டேன். "மந்திரக் கல், பெயராது" என்றார் ஆட்டத்தை நடத்தியவர். பக்கச் சுவரைக் குடையலாமா? அதுவும் மந்திரம். கடைசியில் விடை வானவில்லின் வரிசையாம்! உள்ளே அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் ஒரு படைத்தலைவர். அவருக்கும் வானவில்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கதவு திறந்தபோது யாருக்கும் மகிழ்ச்சி இல்லை.

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் இந்த விளையாட்டில் வேரோடிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. புதிர் என்றால் ஆடுகிறவர்களின் மூளைக்கு வைக்கும் பரீட்சை, விடை கடினமாக இருந்தால் போதும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இதை என்னால் ஏற்கவே முடியாது.

உடனே முன்னோடிகளைக் காட்டுவார்கள். லாரன்ஸ் ஷிக் எழுதி 1979-இல் வந்த 'ஒயிட் ப்ளூம் மவுண்டன்' சாகசத்தில் ஐந்து பூதப் பொம்மைகள் நிற்கும். அவற்றின் மேல் 5, 7, 9, 11, 13 என்று எண்கள். சேராத ஒன்றைச் சொல்ல வேண்டும். 9 மட்டும் பகா எண் அல்ல. சரியாகச் சொன்னால் அந்தப் பொம்மை நமக்கு ஏவலாளி, தவறினால் மற்றவை அடிக்க வரும். புதையலைக் காப்பவன் திருட வந்தவனுக்கு ஏன் கணக்குப் பாடம் நடத்துகிறான்? ஷிக்கின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது. கெராப்டிஸ் என்ற அந்த மந்திரவாதி மூன்று ஆயுதங்களைத் திருடிவிட்டு, முடிந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரியவர்களுக்கே ஓலை அனுப்பியவன். அவனுக்கு வேடிக்கை வேண்டும். அவன் வீட்டில் அந்தப் புதிர் செல்லும். பின்னால் வந்தவர்கள் பொம்மைகளை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள், கெராப்டிஸை அங்கேயே விட்டுவிட்டார்கள். கேரி கைகாக்ஸ் எழுதி 1978-இல் வெளிவந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' சாகசத்தின் கல்லறைக்கும் இதே கதிதான்.

உண்மையான கல்லறைகளைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? எகிப்தின் ஹவாராவில் மூன்றாம் அமெனம்ஹத்தின் பிரமிடு இருக்கிறது. நூறு டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரே கல்லைக் குடைந்து அடக்க அறையைச் செய்தார்கள். வழியைக் கூரையில் மறைத்து, மேலே கல்லை நகர்த்தி மூடினார்கள். எங்குமே போகாத ஒரு பாதையை வெட்டி, திருடன் ஏமாறட்டும் என்று அதை மெனக்கெட்டு அடைத்தும் வைத்தார்கள். சுவரில் துப்பு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அப்படியும் திருடர்கள் உள்ளே போய்விட்டார்கள். கட்டியவனின் நோக்கமும் திருடனின் பிடிவாதமும் மோதும் அந்த இடத்தில் எத்தனை நல்ல புதிர்கள் கிடக்கின்றன!

டோல்கீனின் நாவலில் வரும் மோரியா வாசல் இன்னொரு வகை. மந்திரவாதி கண்டால்ஃப் எத்தனையோ மந்திரங்களைச் சொல்லிப் பார்த்தும் அது திறக்காது. கடவுச்சொல் கதவிலேயே எழுதியிருக்கும். எல்ஃப்களும் குள்ளர்களும் நட்பாக இருந்த காலத்தில் செய்த கதவு அது, ஒளிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. செய்தவர்கள் புதிர் போடவில்லை. அந்த நட்பு முறிந்து, காலமும் கடந்ததால் அது புதிரானது.

"விளையாட்டுதானே, யதார்த்தம் எதற்கு?" என்பார்கள். டிராகன் பறக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் கேட்பது காரணம். கதவுக்குக் காரணம் இருந்தால், அந்த உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகொடுக்கும். இல்லையென்றால், நடத்துகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்று என் கல்தச்சனின் கையில் இருந்த உளிக்கு வேலையே இல்லாமல் போனது இதனால்தான்.

பிறகு நானே ஆட்டம் நடத்தத் தொடங்கியபோது கைவிடப்பட்ட உப்புச் சுரங்கம் ஒன்றை எழுதினேன். வெள்ளத்தைத் தடுக்க அதில் இரண்டு பலகைக் கதவுகள். ஒன்று முழுதாக இறங்கினால்தான் மற்றது எழும். தொழிலாளர்கள் மூட்டையோடு தினமும் போய்வந்த வழி அது. இப்போது காடியில் உப்பு இறுகி, முதல் கதவு பாதியிலேயே நிற்கிறது. விடை என்று நான் எதையும் எழுதி வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம், சுரண்டலாம், சங்கிலியை அறுத்துக் கதவைக் கீழே தள்ளலாம். எதைச் சொன்னாலும் அந்தக் கதவு எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

ஆட வந்தவர்களில் ஒருவர் மோட்டார் பம்பு பழுதுபார்ப்பவர். அதுவரை பெரிதாகப் பேசாதவர். பகடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இங்க வேலை பார்த்தவங்களுக்கு இது அடிக்கடி சிக்கியிருக்குமே. சுத்தம் பண்ற கம்பியை எங்க மாட்டி வச்சிருப்பாங்க?"

அப்படி ஒரு கம்பியை நான் எழுதியிருக்கவில்லை. கதவுக்கு வலப்பக்கம், கை எட்டும் உயரத்தில், துருப்பிடித்த ஆணியில் தொங்குகிறது என்றேன்.