நெல்லை எண்ணிய இனம் கணக்கை மறப்பதா?

சோழர்காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பெருமுக்கல் மலையின் அடிவாரத்தில், நெற்களம் ஒன்றில் நின்று, “இக்குவியலில் எத்தனை நெல்மணிகள் இருக்கும்?” என ஒரு மாணவனைக் கேட்டுப் பாருங்கள். “அதை யாரால் எண்ண முடியும்?” என்பான். குற்றம் அவனுடையதன்று. ஒவ்வொன்றாக எண்ணாமலே பேரெண்ணிக்கையை மதிப்பிடும் கலை தன் முன்னோர்க்குக் கைவந்தது என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ அதனை வாய்பாடாகவே வகுத்துள்ளது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. பெருக்கினால் நாழிக்கு 14,400 நெல். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்னும் கணக்கில் ஏறினால், கலத்திற்கு 13,82,400 நெல். சிற்றளவை ஒருமுறை எண்ணி, அளவைப் படிகளில் ஏறிப் பேரளவை எட்டும் இம்முறையன்றோ இன்று ‘அலகு மாற்றம்’ எனப்படுவது!

இன்றைய அளவையிலும் செய்து பார்ப்போம். ஒரு நெல்மணியின் எடை ஏறத்தாழ 25 மில்லிகிராம் எனக் கொள்வோம். 75 கிலோ மூட்டை 7.5 × 10⁷ மில்லிகிராம். வகுத்தால் 3 × 10⁶, அஃதாவது முப்பது இலக்கம் நெல். உலக மக்கள்தொகை 2022-இல் 800 கோடியை எட்டியது. அது 8 × 10⁹. ஆளுக்கொரு நெல் வழங்க எத்தனை மூட்டை வேண்டும்? எட்டை மூன்றால் வகுத்து, அடுக்கு 9-இலிருந்து 6-ஐக் கழித்தால் போதும்: ஏறத்தாழ 2,670 மூட்டை. சுழிகளை எண்ணித் தடுமாற வேண்டுவதில்லை.

இவ்வடுக்குமுறையின் கருத்தும் நமக்கு முற்றும் புதிதன்று. மூவாயிரத்தைச் சுழிகள் இன்றி ௩௲ என எழுதினர் நம் முன்னோர். முன்னது எண், பின்னது அதன் மடங்கு. ஆம்பல், தாமரை, வெள்ளம் எனப் பேரெண்களுக்குப் பெயர் சூட்டிய மொழி இது. தமிழில் கணக்குக் கற்பிக்க இயலாது என்பார் இதற்கு என்ன விடை சொல்வர்?

ஆனால், பழம்பெருமை பேசி அமைவதாற் பயனில்லை. இன்று தமிழ்ச் செய்தித்தாள்களே ‘மில்லியன்’, ‘பில்லியன்’ என அச்சிடுகின்றன. முன்னது பத்து இலக்கம். பின்னது நூறு கோடி. பில்லியனைக் கோடியென மயங்குவோன் நூறு மடங்கு பிழைக்கிறான், மயங்கியதையும் அறியான். அரசின் கடன் எவ்வளவு, ஏரியில் எடுத்த மண் எவ்வளவு, மலையில் வெட்டிய கல் எவ்வளவு என்பவற்றின் அளவு உள்ளத்தில் பதியாதவன் அவற்றைப் பற்றி எவ்வாறு வினவுவான்? அளவறியாதவன் கணக்குக் கேளான். கணக்குக் கேளாத இனம் தன் உடைமையைக் காவாது.

எனவே, ஆசிரியப் பெருமக்களே! மாணவரைக் களத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு பிடி நெல்லை எண்ணச் செய்து, மூட்டைக்கும் வண்டிக்கும் ஊர் விளைவுக்கும் கணக்கிடச் செய்யுங்கள். பெற்றோரே! இலக்கம், கோடி என்று வீட்டில் வழங்குங்கள். இதழாசிரியர்களே! எண்ணையும் தமிழில் எழுதுங்கள்.

தமிழில் எண்ணப் பழகுவோம். பின்னர்த் தமிழர்க்குரிய கணக்கைத் துணிந்து கேட்போம்!