பதாகை தெரியுதா தம்பி?

உப்புவெளிக் கடற்கரையில நாள் முழுக்க நின்றும் கடலைப் பார்க்காத ஒரு தொழில் இருக்கிறது. செயலமர்வுக்குப் போட்டோ எடுக்கிற தொழில். புரொஜெக்டர் வடிவாத் தெரிய வேணும் எண்டு ஹோட்டல் பொடியன் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவான். வெளியில் சுற்றுலாக்காரர் குளித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஏசிக் குளிரில் மீனவர் வாழ்வாதாரம் பற்றி ஒருவர் ஸ்லைட் போட்டு விளக்குவார். மூன்றாவது வரிசையில் ஒரு மீனவர் நித்திரை கொள்ளுவார். விடியப்புறம் கடலுக்குப் போய்வந்த மனிசன், வேறென்ன செய்யும்?

நான் கல்யாணவீடும் எடுக்கிறனான், சாமத்தியவீடும் எடுக்கிறனான். ஆனால் அவை நல்ல நாள் பார்த்து வருகிறவை. மற்ற மாதங்களில் வீட்டுச் செலவைத் தாங்குவது இந்தக் கூட்டங்கள்தான். திணைக்களக் கலந்துரையாடல், வைத்தியர்களின் கருத்தரங்கு, வங்கியின் வருடாந்தக் கூட்டம், எல்லாவற்றையும் விட அதிகமாக அரச சார்பற்ற நிறுவனங்களின் செயலமர்வு. 2004 சுனாமிக்குப் பிறகும் 2009 க்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் நடந்த கூட்டங்களை யாராவது எண்ணியிருப்பார்களோ தெரியாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது என் போன் அடிப்பதும் குறைந்தது. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட, அலஸ்தோட்டத்தில் ஒரு கமராக்காரனுக்கு வேலை போகிறது. உலகமயமாதல் பற்றி நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

இந்த வேலையில் எடுக்கவேண்டிய படங்கள் முன்கூட்டியே முடிவானவை. மங்கல விளக்கேற்றல், பிரதம அதிதி உரை, வளவாளர் பலகையைக் காட்டிக்கொண்டு நிற்பது, குழுவாக இருந்து பெரிய தாளில் மார்க்கரால் எழுதுவது, சான்றிதழ் வழங்கல், கடைசியில் குழுப்படம். இவற்றில் எதற்குமே அங்கே என்ன கதைக்கப்பட்டது என்பதோடு சம்பந்தம் இல்லை. போன வருசப் படத்தில் பதாகையை மட்டும் மாத்தினால் இந்த வருசப் படம். அதனால்தான் நான் அதிகம் கேட்ட கேள்வி, "பதாகை தெரியுதா தம்பி?" அந்த அக்கா அழுதுகொண்டு சொன்னதை எடுத்தனீங்களோ என்று கேட்டவர்கள் குறைவு. இலச்சினை ஒன்று வெட்டுப்பட்டால் படம் திரும்பி வரும். மனிசரின் தலை வெட்டுப்பட்டால் வராது.

தொழில் ரீதியாகவும் இது லேசான வேலை இல்லை. ஹோட்டல் மண்டபத்தில் மேலே மஞ்சள் பல்ப், ஒரு பக்கம் புரொஜெக்டரின் நீலம், திரைச்சீலை இடுக்கால் கொஞ்சம் வெயில். மூன்று நிறமும் ஒரே முகத்தில் விழும். பேசுகிறவர் திரைக்கு முன்னால் நகர்ந்தால் நெற்றியில் பை விளக்கப்படம் ஒட்டிக்கொள்ளும். பிளாஷ் அடித்தால் கதைக்கிறவருக்குக் கதை தடுமாறும். அடிக்காமல் ஐஎஸ்ஓ 3200 க்கு ஏற்றினால் படம் மணல் மணலாக வரும். சீலிங் வெள்ளையாக இருந்தால் பிளாஷை மேலே திருப்பித் தப்பலாம். பலகை அடித்த சீலிங் என்றால் அதுவும் இல்லை.

குழுப்படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1927 இல் பிரசல்ஸில் சொல்வே மாநாட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் 29 பேர் மூன்று வரிசையில் இருக்கும் படத்தை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். ஐன்ஸ்டைன் முன்வரிசை நடுவில், 29 பேரில் ஒரே பெண்ணாக மேரி கியூரி. பெஞ்சமின் கூப்ரி எடுத்த அந்தப் படத்தில் பதாகை இல்லை. முகங்களே போதுமாக இருந்தன. எங்கட படங்களில் முகம் யாருடையது என்றே எழுதுவதில்லை. ‘பயனாளிகள்’ என்று கீழே போட்டால் முடிந்தது.

கூட்டங்களைப் படமெடுப்பதையே ஒரு கலையாக்கிய மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் எரிக் சாலமன், ஜேர்மன் யூதர், சட்டம் படித்தவர். 1920 களின் கடைசியில் எர்மனொக்ஸ் என்ற சின்னக் கமராவோடு சர்வதேச மாநாடுகளுக்குள் புகுந்துவிடுவார். அந்தக் காலத்தில் மண்டபத்துக்குள் படமெடுப்பதென்றால் வெளிச்சத்துக்கு வெடிமருந்துத் தூள் கொளுத்துவார்கள். இவருடைய லென்ஸுக்கு அறையில் இருக்கிற வெளிச்சமே போதும். பேர்லினில் ஒரு கொலை வழக்கைத் தொப்பிக்குள் கமராவை ஒளித்து வைத்து எடுத்தவர். 1930 இல் ஹேக் மாநாட்டில், நள்ளிரவு தாண்டி அமைச்சர்கள் கதிரையில் சரிந்து தூங்கி வழிந்ததை எடுத்தார். பிரெஞ்சு அமைச்சர் பிரியாண்ட் இவரை அத்துமீறுகிறவர்களின் அரசன் என்று பகிடி பண்ணினார். 1944 இல் நாஜிகள் அவரை அவுஷ்விட்ஸில் கொன்றார்கள்.

சாலமனின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விசயம் உறைக்கும். அவர் கேட்காமல் எடுத்தது அமைச்சர்களை, ராஜதந்திரிகளை. நாட்டின் தலைவிதியை மேசையில் வைத்துப் பேரம் பேசுகிறவன் நித்திரை தூங்கினால் அதைப் பார்க்க சனத்துக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் செய்வது அப்படியே தலைகீழ். பிரதம அதிதியிடம், "சேர், ஒருக்கா இஞ்சால பாருங்கோ, இன்னொண்டு எடுக்கட்டா சேர்" என்று மூன்று தடவை கேட்கிறோம். மூதூரிலிருந்து பஸ் பிடித்து வந்த அம்மாவிடம் ஒரு தடவையும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாத இடத்தில் மரியாதை, கேட்கவேண்டிய இடத்தில் லென்ஸ்.

‘படம்தானே, என்ன பெரிய விசயம்’ என்று கொழும்பில் இருந்து கேட்கலாம். திருகோணமலையில் இருந்து கேட்க ஏலாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி இந்த ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம்பிடித்தார். சூட்டுக் காயங்கள் படத்தில் தெரிந்தன, சொல்லப்பட்ட கதை உடைந்தது. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 24 காலையில், வேலைக்குப் போக வெளிக்கிட்ட அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 இல் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். ஆதாரம் என்ற சொல்லுக்கு ஒரு படம் எவ்வளவு விலை கொடுக்கும் என்பதை எங்கட ஊர் கமராக்காரருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இன்று ‘ஆதாரத்துக்கு ஒரு படம்’ என்றால் என்ன? நாற்பது கதிரையில் நாற்பது பேர் இருந்தார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போட்ட பில் சரி, அவ்வளவுதான்.

இதே மண்டபங்களுக்குக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரும் வருகிறார்கள். வீதியில் படங்களை ஏந்திக்கொண்டு நின்றபோது, தங்களைப் படமெடுத்தவர்களில் யார் ஊடகம், யார் புலனாய்வு என்று தெரியாமல் நின்றவர்கள் அவர்கள். அப்படியான ஒருவர் கமராவைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடினால் அது வெட்கம் இல்லை. ஒரு செயலமர்வில் அப்படி முகத்தைத் திருப்பிய அம்மாவை ஒருங்கிணைப்பாளர் தோளில் தட்டி, "சிரிங்கோ அம்மா, வெளிநாட்டுக்குப் போற படம்" என்றார். அவருடைய மகனும் ஒரு படமாகத்தான் அவர் கையில் இருந்தான். நான் கமராவை இறக்கிவிட்டேன். பிறகு ஏன் ‘குளோசப்’ இல்லை என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது.

சம்மதம் வாங்குகிறோமே என்பார்கள். வாங்குகிற விதத்தைச் சொல்லுகிறேன். வரவுத் தாளில் பெயர், கிராமம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம். கடைசி நிரலில் சின்ன எழுத்தில் ‘என் புகைப்படத்தைப் பயன்படுத்த உடன்படுகிறேன்’. பஸ் காசும் அந்தக் கையொப்பத்துக்குத்தான் கொடுபடும். சம்மதம் இல்லாவிட்டால் வீட்டுக்கு நடந்து போங்கோ என்பதுதான் அதன் அர்த்தம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுயவிருப்பத்தோடு, விளங்கித் தரப்பட வேண்டும் என்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருகிற திகதி 2025 இல் தள்ளிப்போடப்பட்டது. சட்டம் வருகிறபோது வரட்டும். ஒரு மனிசரைப் பார்த்து, "அம்மா, உங்கள எடுக்கட்டா?" என்று கேட்க வர்த்தமானி தேவையில்லை.

டோனருக்கு ஆதாரம் வேணுமே என்பது நியாயமான பதில்தான், அந்த நிறுவனங்களில் சம்பளத்துக்கு நிற்கிறதும் எங்கட பொடியள்தான். ஆனால் கூட்டம் நடந்ததைக் காட்ட வரவுத் தாள் இருக்கிறது. பின்னாலிருந்து எடுத்த மண்டபம் இருக்கிறது. அவர்கள் எழுதிய பெரிய தாள் இருக்கிறது, அதில்தான் உண்மையில் சொன்ன விசயமும் இருக்கிறது. (கைகளை மட்டும் எடுக்கிற பழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. சுருங்கிய கை, நடுவில் ஒரு மோதிரம். கண்காட்சிக்கு நல்லாயிருக்கும்.) முகம் வேண்டுமென்றால் முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் தன் படத்தைப் பார்க்கவும் வேண்டும். இத்தனை வருசத்தில் நான் எடுத்த ஆயிரக்கணக்கான முகங்கள் ஜெனீவா வரை போயிருக்கும், சம்பூருக்குப் போனதில்லை.

பிரின்ட் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சாம்பல்தீவில் நடந்த ஒரு மகளிர் சங்கக் கூட்டத்துக்குப் பிறகு பார்த்தேன். கேட்ட பேருக்கு மட்டும் தனித்தனியாக எடுத்து, போஸ்ட்கார்ட் அளவில் அடித்துக் கொண்டுபோனேன். ஒரு அக்கா தன் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் தம்பி, அழிச்சு விடுங்கோ. நான் கதைக்கேக்க எடுத்தது இருந்தா அதத் தாங்கோ" என்றார். அவருக்கு முன்னால் வைத்தே அழித்தேன். கதைத்த படத்தில் அவர் வாய் திறந்து, கை மேலே, பாதிக் கண் மூடியிருந்தது. தொழிற்கணக்கில் அது கழிவுப்படம். அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது விலைக்கூறு அனுப்பும்போது கீழே மூன்று வரி சேர்க்கிறேன். கூட்டம் தொடங்க முன்னம் தமிழிலும், தேவைப்பட்டால் சிங்களத்திலும், படம் எதற்கு என்று சொல்ல பத்து நிமிடம் எனக்குத் தரவேண்டும். வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு பக்கக் கதிரைகள், அந்தப் பக்கம் கமரா திரும்பாது. பஸ் காசுத் தாளும் படச் சம்மதத் தாளும் வேறு வேறு. ஒரு நிறுவனம் உடனே ஓம் என்றது. இரண்டு நிறுவனங்கள் பிறகு கூப்பிடவே இல்லை. இன்னொன்றில் இருந்து போன வாரம் ஒரு அக்கா எடுத்தார். "மூண்டும் ஓகே தம்பி, ஆனா பதாகை மட்டும் வடிவா விழோணும்" என்றார். விழும் அக்கா என்றேன்.