அகராதியில் ஏறிவிட்டால் தேர்வில் எழுதலாமா?

2025 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, மலேசிய - சிங்கப்பூர் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்தது. 'அலாமாக்', 'தாப்பாவ்', 'நாசி லெமாக்', 'மாட் ரெம்பிட்' ஆகியவை அவற்றுள் சில. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில் அன்றாடம் கேட்கும் 'தாப்பாவ்' ஆங்கிலமாகிவிட்டது. அப்படியானால், எஸ்.பி.எம்., மூவெட் கட்டுரையில் அதை எழுதலாமா?

அகராதி அனுமதிச் சீட்டு அன்று. மக்கள் புழங்கும் சொல்லைச் சான்றுகளோடு பதிவு செய்வதே அதன் வேலை. எந்த வட்டாரச் சொல், பேச்சுவழக்கா என்ற குறிப்பும் அதில் இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்க்காமல் "அகராதியிலேயே இருக்கிறதே" என்று வாதிட்டால் மதிப்பெண்தான் போகும்.

அதற்காக, நம் பேச்சு ஆங்கிலத்தை எண்ணிக் கூசவும் வேண்டாம். மலாய்மொழிக்கு 1956இல் தொடங்கிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஓர் அதிகார அமைப்பு இல்லை. புழக்கமே அங்கே தீர்ப்பு. தமிழரின் 'கட்டுமரம்' அங்கே 'கேட்டமரான்' ஆனது. இன்று இரட்டை உடல் படகைக் குறிக்கிறது. ஒலியும் பொருளும் மாறியும் அதைப் பிழை என்பார் இல்லை. புதிய பட்டியலில் உள்ள 'ஃபிஷ் ஹெட் கரி'யிலும் நம் 'கறி' இருக்கிறது.

ஆகவே, நண்பனிடம் 'தாப்பாவ்', தேர்வுத்தாளில் 'டேக்அவே'. இடமறிந்து இரண்டையும் கையாள்பவரே ஆங்கிலம் அறிந்தவர்.