பூட்டிய அலமாரியும் ஒரு தலைக்கட்டு வரியும்

வடாலா, மும்பை

நெல்லைச் சீமையில் உள்ள நம் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே,

அம்மன் கொடை விழாவுக்குக் குடும்பந்தோறும் தரும் தலைக்கட்டு வரியைக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வடாலாவிலும் தாராவியிலும் உள்ள நாங்கள் வழக்கமான சிரத்தையோடு அதைச் சேர்த்தனுப்புவோம். அத்துடன் ஒரு விண்ணப்பமும் உண்டு.

நான் படித்த நம் ஊர்ப் பள்ளியின் பூட்டிய புத்தக அலமாரிக்கு முன் ஐந்து வருஷம் நின்று, கண்ணாடி வழியே நூல்களின் பெயர்களை மட்டுமே படித்தவன் நான். வகுப்புகளின் பாரத்தோடு, காணாமற்போகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்த ஆசிரியர், அந்தப் பூட்டைத் திறக்க அஞ்சியது அவர் குற்றமன்று; ஏற்பாட்டின் குறை.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, வாசகர் தம் கையாலேயே அலமாரியிலிருந்து நூலை எடுக்கும் வழக்கத்தை அங்கே நிலைநாட்டிய சீ. இரா. அரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. உங்கள் வீட்டு வரியோடு சேர்ந்துவரும் நூலக வரி அதன் பயனே. ஆனால் அவ்வரி போஷிப்பது பொது நூலகங்களை. பள்ளி அலமாரியை அன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ, நாளிதழும் கதைப் புத்தகங்களும் கொண்ட நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும் என்று விதித்துவிட்டு, நூலகரைப் பற்றி மௌனமாயிருக்கிறது. அம்மனைப் பிரதிஷ்டை செய்துவிட்டுப் பூசாரியை நியமிக்காவிட்டால், நடை திறப்பவர் யார்?

எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குப் படக்கதையையும், இரவில் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் பிள்ளைக்கு நட்சத்திரங்களைப் பற்றிய நூலையும் தேடிக் கொடுத்து, கிழிந்த அட்டையை ஒட்டி, திரும்பாத புத்தகத்தை வீடு தேடிச் சென்று இன்சொல்லால் வாங்கிவருவது ஒருவருடைய முழுநேர உத்தியோகம். பாடம் நடத்துபவரின் ஓய்வு வேளைக்குள் அது அடங்காது.

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராய் அமர்ந்திருக்கும் நீங்கள், நூலகவியல் கற்ற நம் ஊர்ப் பெண்ணோ பிள்ளையோ ஒருவரை அப்பணிக்கு அமர்த்த அனுமதி பெறுங்கள். வாரந்தோறும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நூலக வேளை கேளுங்கள். படித்துத் தேய்ந்ததற்கும் தொலைந்ததற்கும் ஆசிரியரிடம் ஈடு கேட்பதில்லை என்ற உறுதியையும் பெறுங்கள். அரசாங்கம் பள்ளிதோறும் நூலகரை நியமிக்கும் நாள்வரை, அவருடைய சம்பளத்துக்காக இன்னொரு தலைக்கட்டு வரியை நாங்கள் இங்கிருந்து அனுப்புவோம்; அந்த நாள் விரைந்து வர அரசுக்கு மனுவும் எழுதுவோம்.

அடுத்த கொடைக்கு நான் ஊர் வரும்போது அந்த அலமாரி பாதி காலியாயிருக்க வேண்டும். மீதிப் புத்தகங்களைப் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணைகளில் நான் காண வேண்டும்.

இங்ஙனம்,
வடாலாவில் வாழும் உங்கள் ஊர்க்காரன்