வண்ணப்பொடியில் ஒரு சாட்சி

ஒரு பெண் நன்றாக வரைந்தால், 'வேறு யாரோ வரைந்து கொடுத்திருப்பார்கள்' என்று சொல்வது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1780-களில் பாரிஸில் அடெலாயித் லபீல்-கியாரும் அதைக் கேட்டவர்தான்.

துணிமணிக் கடைக்காரரின் மகள் அவர். பேஸ்டலை மேதை லா தூரிடமும், எண்ணெய் வண்ணத்தை வான்சான் என்ற ஓவியரிடமும் கற்றார். படங்கள் பேர் வாங்கத் தொடங்கியதும், வான்சான்தான் கைவைத்துத் திருத்துகிறார் என்று வம்பு கிளம்பியது.

அடெலாயித் என்ன செய்தார் தெரியுமா? அரச ஓவியக் கழகத்தின் உறுப்பினர்களையே எதிரில் வைத்து, ஒவ்வொருவராக வரைந்தார். தன் முகம் தாளில் உருவாவதைக் கண்ணால் பார்த்தவர், அப்புறம் எப்படிச் சந்தேகப்படுவார்?

அப்படி வரைந்ததுதான் சிற்பி பஜூவின் பேஸ்டல் படம். இன்று பாரிஸின் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, களிமண்ணில் ஒரு தலையை உருவாக்குகிறார் பஜூ. அது அவருடைய குருநாதர் லெமுவானின் தலை! பேஸ்டல் என்பது வண்ணப்பொடியில் கொஞ்சம் பசை சேர்த்து உருட்டிய குச்சி. விரல் பட்டாலே கலைந்துவிடும். அதை வைத்துக்கொண்டு களிமண், துணி, தோல் மூன்றையும் தனித்தனியாகத் தெரியவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

1783 மே 31 அன்று கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே நாளில் விழே லெ ப்ருனும் சேர்ந்தார். பெண்களுக்கு மொத்தமே நான்கு இடம். இந்த இருவரோடு அது நிரம்பிவிட்டது.

தனக்கு இடம் கிடைத்ததே போதும் என்று அடெலாயித் இருந்துவிடவில்லை. இளம்பெண்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். அப்போது அரண்மனையாக இருந்த லூவரில் தங்கி வரைய ஓவியர்களுக்கு இடம் தருவார்கள். அவர் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கூடவே மாணவிகள் வருவார்களாம், அதுதான் குற்றம்! 1790-ல், நான்கு என்ற வரம்பையே எடுக்கும்படி கழகத்தில் வாதாடினார். 1793-ல் புரட்சி அரசு, மன்னரின் தம்பிக்காக அவர் வரைந்த பிரமாண்டமான படத்தை அழிக்கவைத்தது. லூவரில் இடம் கிடைத்தபோது ஆண்டு 1795.

1803-ல் அவர் இறந்தார். ஐந்து ஆண்டு கழித்து, அவரோடு குடும்பத்தில் ஒருத்தியாகவே வாழ்ந்த மாணவி கேப்ரியல் கபே ஒரு படம் தீட்டினார். அதில் ஆசிரியை தூரிகையோடு உட்கார்ந்து ஒருவரை வரைந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் கபே, அவருக்கு வண்ணம் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார்.